மாடலைப் பார்த்தேன், பீஸைப் பார்க்கவில்லை

முந்தின வருடப் பிள்ளையார் நோன்பில்தான் இந்த வம்பு ஆரம்பித்தது. எங்கள் பக்கத்து நோன்பு தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள் கணக்கு வைத்து நகரத்தார் வீடுகளில் கும்பிடுவது இது. புது வேட்டியில் உருவிய நூலை 21 இழையாகச் சேர்த்துத் திரி செய்வார்கள். வெல்லமும் நெய்யும் விட்டுப் பிசைந்த மாவில் சின்னதாகப் பிள்ளையார் பிடித்து, அதில் அந்தத் திரியைச் செருகி ஏற்றி, வீட்டில் மூத்தவர் ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பார். வாங்கியவர் சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். இதைத்தான் இழை எடுப்பது என்போம். எங்கள் தாத்தாவை ஐயா என்போம், அவருக்கு 84 வயது. அவர் கையால் எல்லோரும் வாங்கிக்கொள்வதைப் போனில் எடுத்தேன். மறுநாள் பார்த்தால் வளவு (முற்றமும் அதைச் சுற்றிய கூடமும்) முழுக்க டியூப்லைட் போட்டதுபோல வெளிச்சம். சுடர் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு திட்டு. ஐயாவின் முகம் மெழுகு பூசியதுபோல வழவழவென்று இருந்தது, சுருக்கம் ஒன்றையும் காணோம். நாலைந்து படத்தைச் சேர்த்து ஒன்றாக்கித் தருகிற போனுக்கு இருட்டு என்றால் சரிசெய்ய வேண்டிய குறை. எனக்கு அந்த இருட்டுதான் வேண்டியிருந்தது.

என் தேவை பெரியதில்லை. பள்ளத்தூரில் வீடு, காரைக்குடியில் ஆடிட்டர் ஆபீஸில் வேலை. காலையில் கோட்டையூர் வழியாகப் பஸ்ஸில் போகும்போதும், மதியம் சாப்பிட்டுவிட்டு முனீஸ்வரன் கோவில் தெருப் பழைய சாமான் கடைகளைச் சும்மா சுற்றும்போதும் சட்டைப்பையில் கிடக்கிற மாதிரி ஒரு கேமரா. புதிதாக நல்ல காம்பாக்ட் வாங்கப் போனால் அரை லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள். பழையதில் பார்க்கலாம் என்று இறங்கினேன். சுற்றிச் சுற்றி இரண்டில் வந்து நின்றேன்: கேனன் பவர்ஷாட் எஸ்95, பானசோனிக் லூமிக்ஸ் எல்எக்ஸ்5. இரண்டும் 2010-இல் வந்தவை, இரண்டும் 10 மெகாபிக்சல், சிசிடி என்கிற பழைய வகை சென்சார், இரண்டிலும் ரா ஃபைல் (கேமரா திருத்தாத படம்) உண்டு, இரண்டு லென்ஸும் எஃப் 2.0-இல் திறக்கும் (இந்த எண் குறையக் குறைய வெளிச்சம் கூடுதலாக உள்ளே வரும்). மூன்று வாரம், ராத்திரி பதினொன்று பன்னிரண்டு வரை உட்கார்ந்து இதையும் அதையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரி ஒருநாள், “பொண்ணு பாக்குறதுக்குக்கூட நீங்க இவ்வளவு யோசிக்கலையே” என்றாள்.

அந்த ஒப்பீடு வீண் என்று சொல்ல மாட்டேன். யாருக்காவது உதவும், சொல்லிவிடுகிறேன். எஸ்95 பேட்டரியோடு 200 கிராமுக்கும் குறைவு. உண்மையாகவே சட்டைப்பையில் போகும், பை தொங்காது. எல்எக்ஸ்5 சுமார் 270 கிராம், லென்ஸ் வேறு முன்னால் துருத்திக்கொண்டிருக்கும். பேன்ட் பையில் திணித்தால் பார்ப்பவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். எஸ்95-இன் லென்ஸ் 28 முதல் 105 மி.மீ வரை. எல்எக்ஸ்5 24 முதல் 90 வரை. இருபத்தெட்டுக்கும் இருபத்துநாலுக்கும் நாலுதானே வித்தியாசம் என்று நினைத்தேன். எங்கள் வளவில் ஒரு பத்தியில் (தாழ்வாரத்தில்) முதுகை ஒட்டிக்கொண்டு நின்று எதிர்ப்பத்தியைப் பார்த்தால் தெரியும். 28-இல் நாலு தூண், 24-இல் ஐந்து தூணும் முற்றத்து மூலையும். வீட்டுக்குள் பின்னால் போக இடம் கிடையாது, சுவர்தான் இருக்கிறது. வீடு எடுப்பவர்களுக்கு அந்த நாலு மில்லிமீட்டர் பெரிய விஷயம்.

நான் சரியாகக் கவனிக்காமல் விட்டது அடுத்த எண்ணை. ‘எஃப் 2.0’ என்று இரண்டுக்கும் போட்டிருந்தாலும் அது ஜூம் செய்யாமல், காட்சி விரிந்து தெரிகிற நிலையில் மட்டும்தான். ஜூம் செய்து கடைசிவரை போனால் எஸ்95-இல் எஃப் 4.9 ஆகிவிடும், எல்எக்ஸ்5-இல் 3.3-இல் நிற்கும். கணக்குப் போட்டால் அந்த முனையில் எல்எக்ஸ்5-க்கு இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் கூடவே வெளிச்சம் உள்ளே வருகிறது. பகலில் இது உறைக்காது. விளக்கு வெளிச்சத்தில் எப்படி உறைத்தது என்று பின்னால் சொல்கிறேன். பேட்டரியிலும் இதேபோல ஒரு வித்தியாசம். கம்பெனிக் கணக்குப்படி எஸ்95 ஒரு சார்ஜுக்குச் சுமார் 200 படம், எல்எக்ஸ்5 சுமார் 400. புது பேட்டரிக்கான கணக்கு அது, பதினைந்து வருடம் ஓய்ந்த பேட்டரிக்கு அதில் பாதியை எதிர்பார்த்தால்கூடப் பேராசை.

எஸ்95 என்று முடிவு செய்தேன். சட்டைப்பை ஜெயித்தது. ஆவணியில் ஆன்லைனில் ஒருவர் விற்பனைக்குப் போட்டிருந்தார், சென்னைக்காரர். ‘மின்ட் கண்டிஷன், பெட்டியோடு’ என்று எழுதியிருந்தார். படத்தில் கறுப்பு மேட் பூச்சில் ஒரு கீறல் இல்லை. வீடியோ கேட்டேன், ஆன் செய்து ஆஃப் செய்து காட்டினார், ஒரே தடவை. எனக்கு அதுவே பெரிய ஜாக்கிரதையாகத் தோன்றியது. 13,500 ரூபாயையும் முன்கூட்டியே அனுப்பினேன், கூரியருக்கு 300. மூன்றாம் நாள் பார்சல் வந்தது. அட்டைப்பெட்டி, கையேடு, மணிக்கட்டுக் கயிறு எல்லாம் அப்படியே இருந்தன. அந்தப் பெட்டியைப் பார்த்து நான் பட்ட சந்தோஷத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. பெட்டியில் படம் எடுக்க முடியாது.

முதல் நாலு நாள் சொர்க்கம். லென்ஸைச் சுற்றி ஒரு வளையம் இருக்கிறது, கடக் கடக்கென்று திரும்பும். எங்கள் வீட்டுச் சுவரில் முட்டையும் சுண்ணாம்பும் அரைத்துப் பூசிய அந்தக் காலத்துப் பூச்சு இன்னும் பளபளவென்று இருக்கிறது. வெள்ளைச் சுவர் சட்டத்தை நிறைத்தால் எந்தக் கேமராவும் ஏமாந்து படத்தை மங்கலாக்கும். வளையத்தில் எக்ஸ்போஷர் கூட்டுவதை வைத்துக்கொண்டு இரண்டு கடக் கூட்டினால் சுவர் சுவராகிவிடும். ஒரு குறை, ஃபிளாஷ் தானாக மோட்டாரில் எழும்பி வருவது சரியாக இடதுகை ஆள்காட்டி விரல் இருக்கும் இடத்தில். விரல் அதை அமுக்கினால் பாவமாக முனகும். அப்புறம், பிடிமானம் கிடையாது, சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும். முன்பக்கம் சின்னதாக ரப்பர் துண்டு ஒட்டிக்கொண்டேன். லென்ஸ் வெளியே வரும்போது லேசாக ‘கர்ர்’ என்றது. பழைய கேமரா, அப்படித்தான் இருக்கும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, தரைக்கல் செய்வதை எடுக்க ஆத்தங்குடிக்குப் போயிருந்தேன். அங்கே கண்ணாடித் தட்டின் மேல் சட்டம் வைத்து, சாயம் கலந்த சிமென்ட் குழம்பைக் கரண்டியால் ஒவ்வொரு அறையிலும் ஊற்றுவார்கள். சட்டத்தைத் தூக்கிய பிறகும் பூ கலையாமல் நிற்கும். அதற்கு மேல் மணலும் சிமென்ட்டும் போட்டு இறுக்கிவிட்டு, கல் இறுகியதும் கண்ணாடியை எடுத்தால் பளபளப்பு தானாகவே இருக்கும். அங்கே வேலை செய்த ஒரு அக்கா சிவப்பை ஊற்றிக்கொண்டிருந்தபோது ஜூமைத் தள்ளினேன். லென்ஸ் பாதி தூரம் போய் நின்றது. நாலு தடவை டிக்டிக் என்று அடித்துக்கொண்டது. திரையில் லென்ஸ் எரர், கேமராவை மறுபடி ஆன் செய்யவும் என்று வந்தது. ஆன் செய்தேன். மறுபடி அதே. பேட்டரியைக் கழற்றி மாட்டினேன், அதே. லென்ஸ் நாக்கை நீட்டிய மாதிரி வெளியே நின்றுவிட்டது, உள்ளே போகவில்லை. “என்னப்பா, தண்ணி குடிக்கலையா அது?” என்று அந்த அக்கா சிரித்தார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. விற்றவரை அழைத்தேன். “நான் குடுக்கும்போது நல்லாத்தான் சார் இருந்துச்சு” என்றார். இரண்டாம் தடவை எடுக்கவில்லை. மூன்றாம் தடவை என் நம்பர் பிளாக்.

காரைக்குடியில் இதை ரிப்பேர் பார்ப்பவர் இல்லை. மதுரையில் ஒரு கடையில் ஒரு வாரம் வைத்திருந்து, திறந்து பார்த்ததற்கு 500 வாங்கிக்கொண்டு, பார்ட்ஸ் வராது என்று திருப்பித் தந்தார்கள். புரட்டாசியில் ஒருநாள் லீவு போட்டு, விடிகாலைப் பல்லவன் எக்ஸ்பிரஸில் ஏறிச் சென்னை போனேன். அங்கே ஒரு மெக்கானிக் என் கண்ணெதிரே கழற்றினார். லென்ஸ் குழாயின் பற்சக்கரத்திலிருந்து ஊசிமுனையால் எதையோ எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தார். மூன்று மணல் பருக்கை. “பீச்சுல எடுத்த கேமரா சார் இது. எப்பவோ உள்ள போயிருக்கும், பல்லெல்லாம் தேய்ஞ்சு போச்சு” என்றார். கேமராவின் மேல் குறை சொல்ல எதுவும் இல்லை. பதினைந்து வருடமாக யார் யார் கையிலோ இருந்த பொருள், அது எங்கெங்கே போயிற்று என்று நான்தான் விசாரித்திருக்க வேண்டும். செத்துப்போன இன்னொரு எஸ்95-இலிருந்து லென்ஸை எடுத்து மாற்றினார், 3,800 ரூபாய். ரயில், ஆட்டோ, சாப்பாடு என்று 1,100.

அவரிடம் உட்கார்ந்திருந்த இரண்டு மணி நேரத்தில் கற்றுக்கொண்டது மூன்று வாரப் படிப்பைவிடப் பெரியது. பழைய காம்பாக்ட் வாங்குபவர்கள் இதை மட்டுமாவது மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விற்பவரிடம் வெட்டு ஒட்டு இல்லாத ஒரே வீடியோ கேளுங்கள், சத்தத்தோடு. அமைதியான அறையில் பத்துத் தடவை ஆன், ஆஃப். அப்புறம் ஜூமை இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஐந்தாறு முறை, கேமராவை நேராகப் பிடித்து ஒருமுறை, லென்ஸ் தரையைப் பார்க்கக் கவிழ்த்து ஒருமுறை, வானத்தைப் பார்க்க நிமிர்த்தி ஒருமுறை. மோட்டார் சத்தம் ஒரே சீராக ‘ஸ்ஸ்’ என்று வர வேண்டும். ‘கர்ர்’ என்றோ நடுவில் திணறியோ வந்தால் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடுங்கள். அடுத்து, அபர்ச்சரை (லென்ஸின் திறப்பை) எஃப் 8-இல் வைத்து வெறும் வானத்தை ஒரு படம் எடுத்து, சுருக்காமல் அனுப்பச் சொல்லுங்கள். லென்ஸ் நீண்டு சுருங்கும்போதெல்லாம் இந்தக் கேமராக்கள் காற்றோடு தூசியை உள்ளே இழுக்கும். சென்சாரில் தூசி இருந்தால் வானத்தில் சாம்பல் நிறத்தில் புள்ளி தெரியும். எஃப் 2-இல் எடுத்தால் தெரியாது, அதனால்தான் 8. லென்ஸைக் கையால் மூடிக்கொண்டு ஒரு கறுப்புப் படமும் கேளுங்கள், எரிந்துபோன பிக்சல் இருந்தால் அதில் மினுங்கும். போன் டார்ச்சைச் சாய்வாக லென்ஸில் அடித்துப் பார்த்தால் பூஞ்சை இருந்தால் சிலந்தி வலைபோலத் தெரியும். இவ்வளவும் கேட்டால் விற்பவர் கோபித்துக்கொள்வார் என்று தயங்குவோம். நல்ல பீஸ் வைத்திருப்பவர் கோபித்துக்கொள்ள மாட்டார். மழுப்புகிறார் என்றால் அதுவே பதில்.

எனக்கு இன்னொரு அடி பாக்கி இருந்தது. கேமராவோடு வந்த பேட்டரி நாற்பது படத்தில் படுத்துவிட்டதால், முன்பே 450 ரூபாய்க்கு ஒன்று வாங்கிப் போட்டிருந்தேன். மேலே கொள்ளளவு 1500 எம்ஏஹெச் என்று அச்சடித்திருந்தது. அசல் என்பி-6எல் பேட்டரியே 1000 எம்ஏஹெச்தான். அதே அளவுப் பெட்டிக்குள் ஒன்றரை மடங்கு எப்படி அடங்கும் என்று யோசிக்கத் தோன்றவில்லை. கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான்! ஐப்பசியில் ஒருநாள் பேட்டரியை எடுக்க மூடியைத் திறந்தால், அது வரவில்லை. வயிறு உப்பி உள்ளே இறுகிக் கிடந்தது. கத்தி, ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பக் கூடாது, குத்தினால் தீப்பிடிக்கும் என்று படித்திருந்ததால் பயந்துகொண்டே உட்கார்ந்தேன். வலுவான ஒட்டு டேப்பை இரண்டாக மடித்து, பேட்டரியின் முதுகில் நன்றாக அழுத்தி ஒட்டி, கேமராவைக் கவிழ்த்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்டித் தட்டி, அரை மணி நேரத்தில் வெளியே கொண்டுவந்தேன். நடுப்பக்கம் பணியாரம் மாதிரி உப்பியிருந்தது. அதை வீட்டுக்கு வெளியே மணல் போட்ட தகர டப்பாவில் வைத்திருந்து, பழைய பேட்டரி எடுக்கிற இடத்தில் கொடுத்தேன். குப்பையில் போடாதீர்கள். அப்புறம் 1,000 ரூபாய் கொடுத்து நல்லதாக ஒன்று வாங்கினேன். பழைய கேமராவின் விலை என்பது கேமரா, நல்ல பேட்டரி, சரியான சார்ஜர் மூன்றும் சேர்ந்ததுதான். சார்ஜர் இல்லாமல் விற்றால் அந்தத் தொகையைக் கழித்துத்தான் பேரம் பேச வேண்டும்.

தீபாவளி போனஸ் வந்தது. மனசு கேட்கவில்லை. எல்எக்ஸ்5 ஒன்று திருச்சியில் இருப்பதாகத் தெரிந்து, இந்தத் தடவை நேரில் போனேன். ரிட்டயர் ஆன பெரியவர், ஒரே கை உபயோகித்தது. நான் பத்துத் தடவை ஆன் ஆஃப் செய்து காதருகில் வைத்துக் கேட்டதைப் பார்த்து, “என்ன தம்பி, டாக்டரா?” என்றார். வாசலுக்குப் போய் எஃப் 8-இல் வானத்தை எடுத்து, திரையில் பெரிதாக்கி மூலை மூலையாகப் பார்த்தேன். மேலே ஒரு மூலையில் லேசாக ஒரு புள்ளி. அதைக் காட்டினேன், அவரே 500 குறைத்துக்கொண்டு 9,500-க்குக் கொடுத்தார். காபியும் கொடுத்தார். பெட்டி இல்லை. நல்ல பேட்டரிக்கு 1,400 தனியாக ஆயிற்று.

கையில் எடுத்த அன்றே தெரிந்தது, இது வேறு ஜாதி. முன்பக்கம் பிடிமானம் இருக்கிறது. லென்ஸ் குழாயின் மேலேயே படச் சட்டத்தின் நீள அகல விகிதத்தை மாற்ற ஒரு தள்ளுவிசை: 4:3, 3:2, 16:9, ஒரு முனையில் 1:1. ஆத்தங்குடிக் கல்லை எடுக்க அந்தச் சதுரத்துக்கு ஈடு கிடையாது. கல்லின் நாலு ஓரமும் சட்டத்தின் நாலு ஓரத்தில் போய் உட்காரும். பக்கவாட்டில் இன்னொரு விசையைத் தள்ளினால் ஆட்டோ ஃபோகஸ், மேக்ரோ, மேனுவல் மூன்றும் மாறும், மெனுவுக்குள் போய்த் தேட வேண்டாம். ஆனால் லென்ஸ் மூடியைத் தினமும் சபித்தேன். எஸ்95-இல் கதவு தானாகத் திறந்து மூடும். இதில் கையால் கழற்ற வேண்டும். மறந்து ஆன் செய்தால் மூடியை எடு என்று திரையில் சொல்லும், அதற்குள் தெருவில் பார்த்த காட்சி போய்விட்டிருக்கும். கானாடுகாத்தானில் ஒரு வீட்டு முகப்பில் மூடியைத் தொலைத்தேன். புதிது 350. இப்போது அதைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், நடக்கும்போது டொக்டொக்கென்று கேமராவில் அடிக்கிறது.

ஒரு மாதம் இரண்டையும் தூக்கிக்கொண்டு திரிந்தேன். வெயிலில் எடுத்த படத்தை அடுத்தடுத்து வைத்தால் எது எதில் எடுத்தது என்று எனக்கே தெரியாது. எஸ்95 சிவப்பைக் கொஞ்சம் தூக்கிக் காட்டும், ஆத்தங்குடித் தரையும் செம்மண் ரோடும் அதில் அழகு. எல்எக்ஸ்5-இன் ஜேபெக் நிறம் எனக்குக் கொஞ்சம் சோகையாகத் தெரிந்தது. ரா-வில் எடுத்துக் கம்ப்யூட்டரில் திருத்தினால் அந்த வித்தியாசமும் போய்விடும். எஸ்95-இல் ரா எடுத்தால் அடுத்த படத்துக்கு இரண்டு மூன்று விநாடி காத்திருக்க வேண்டும். மேசையில் இருக்கிற ஓலைக் கொட்டானை எடுக்க அது போதும். ஓடுகிற குழந்தையை எடுக்கப் போதாது. ஐஎஸ்ஓ (சென்சார் வெளிச்சத்தை உணரும் அளவு) 400 வரை இரண்டும் சுத்தம், 800-இல் மணல் தூவியதுபோல இருக்கும் ஆனால் தாங்கும், 1600-ஐ நான் தொடுவதில்லை. சிசிடி என்றால் ஏதோ மந்திரம் என்று இப்போது ஒரு பேச்சு ஓடுகிறது, விலையும் அதனால்தான் ஏறிக்கிடக்கிறது. எனக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை. போன்போலத் தானாக நிழலைத் தூக்காமல், இருட்டை இருட்டாக விடுகிறது. எனக்கு அது போதும்.

நோன்பு வந்தது. டியூப்லைட்டை இரண்டு நிமிடம் அணைக்கலாமா என்று அப்பத்தாவிடம் கேட்டேன். “இருட்டுல எப்பிடிப்பா இழை எடுக்கிறது, மூஞ்சியில சுட்டுக்கவா?” என்றார். அப்பச்சி (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) பரிந்து பேசியதால் முதல் நாலு பேருக்கு மட்டும் என்று முடிவாயிற்று. குத்துவிளக்கும் இழைச் சுடரும்தான் வெளிச்சம். முதலில் எஸ்95-ஐ எடுத்தேன், புழங்கிய கை. கொஞ்சம் தள்ளி நின்று முகத்தை மட்டும் எடுக்கலாம் என்று ஜூம் செய்தேன். அங்கேதான் அந்த எஃப் 4.9. ஐஎஸ்ஓ 800, ஜூம் செய்யாத நிலையில் 1/30 விநாடி போதுமாக இருந்த இடத்தில் ஜூம் முனையில் 1/5 ஆகிவிட்டது. அந்த நேரத்துக்குள் அப்பச்சியின் கை மடியிலிருந்து வாய்க்குப் போய்விட்டது. படத்தில் ஒரு மஞ்சள் கோடு மட்டும், வால்நட்சத்திரம் மாதிரி. சித்தப்பா முறை வந்தபோது கேமரா ஃபோகஸ் தேடி முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது, அமுக்கி முடிப்பதற்குள் அவர் விழுங்கிவிட்டார்.

மூன்றாவது ஆள் என் தம்பி. எல்எக்ஸ்5-க்கு மாறினேன். ஜூமை மறந்து 24-இலேயே வைத்து, ஒரு முழம் தள்ளி மண்டியிட்டேன். எஃப் 2.0, ஐஎஸ்ஓ 800, 1/30. ஐயா தட்டிலிருந்து எடுக்கும்போதே அவர் விரலுக்கு ஃபோகஸ் வைத்து, விசையை மேனுவலுக்குத் தள்ளிப் பூட்டிவிட்டேன். இனி கேமரா தேடாது, அமுக்கியதும் எடுக்கும். அவன் வாயருகே சுடர் வந்ததும் அமுக்கினேன். அடுத்து அப்பத்தா. அந்த ஒரு படம்தான் இத்தனைக்கும் கிடைத்த கூலி. ஐயாவின் மூன்று விரலில் நெய் மின்னுகிறது, நகத்துக்குள் மாவு. சுடரின் வெளிச்சம் அப்பத்தாவின் மோவாயிலும் மூக்குத்தியிலும் மட்டும் படுகிறது, கண் பாதி மூடியிருக்கிறது. பின்னால் தூண்கள் எல்லாம் கறுப்பு. அதற்குள் யாரோ டியூப்லைட்டைப் போட்டுவிட்டார்கள்.

வெளிச்சம் குறைந்த விசேஷங்களுக்குப் பழைய காம்பாக்டைக் கொண்டுபோகிறவர்கள் இந்த இரண்டை மட்டும் செய்தால் போதும். ஜூமைத் தொடாதீர்கள், காலால் கிட்டப் போங்கள். ஃபோகஸை முன்கூட்டியே பிடித்துப் பூட்டிவிடுங்கள். இதை எஸ்95-இலும் செய்யலாம், மேனுவல் ஃபோகஸ் அதிலும் இருக்கிறது, மெதுவாகத்தான் வரும். நான் அன்று செய்யாதது என் தப்பு. ஃபிளாஷை இரண்டிலுமே அடைத்துவையுங்கள், ஆத்தங்குடித் தரையில் அது வெள்ளைப் பொட்டாகத் திரும்பி அடிக்கும். நோன்புக்கு முந்தின நாளே கேமராவின் தேதியைச் சரிபாருங்கள். பேட்டரியை வெளியே எடுத்துச் சில வாரம் வைத்திருந்தால் தேதி அழிந்துபோகும். எங்கள் வீட்டு எஸ்95 படங்களில் பாதி ஏதோ ஒரு ஜனவரி 1-ஆம் தேதி என்று கிடக்கின்றன.

எது நல்லது என்று கேட்டால், வீடு, விசேஷம், கோவில் என்று இருட்டுக்குள் எடுப்பவர்களுக்கு எல்எக்ஸ்5. தெருவும் பஸ்ஸும் வெயிலும் போதும் என்பவர்களுக்கு எஸ்95. ஆனால் நல்ல நிலையில் இருக்கிற ஒன்றும் மோசமான நிலையில் இருக்கிற மற்றொன்றும் கண்ணெதிரே இருந்தால், மாடல் பெயரைப் பார்க்காமல் நல்லதை எடுத்துக்கொண்டு வாருங்கள். என் எஸ்95 கணக்கைச் சொல்லிவிடுகிறேன்: கேமரா 13,500, கூரியர் 300, போலி பேட்டரி 450, மதுரையில் 500, சென்னையில் 3,800, பயணம் 1,100, நல்ல பேட்டரி 1,000. ஆக 20,650 ரூபாய், இரண்டு நாள் லீவு, மூன்று வாரத் தூக்கம். எல்எக்ஸ்5-க்கு மூடியையும் சேர்த்து 11,250.

தை பிறந்ததும் எஸ்95-ஐ 8,000-க்கு விற்பனைக்குப் போட்டேன். எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். லென்ஸ் மாற்றியது, மணல் இருந்தது, மாற்றிய பிறகு வானத்தில் இடது பக்கம் ஒரு புள்ளி விழுவது எல்லாம். ஜூம் சத்தத்தோடு இரண்டு நிமிட வீடியோவும் தயாராக எடுத்து வைத்திருக்கிறேன். இதுவரை ஐந்து பேர் கேட்டுவிட்டார்கள். ஐந்து பேரும் கேட்டது ஒன்றுதான், “பாக்ஸ் இருக்கா சார்?” வீடியோவை ஒருவரும் கேட்கவில்லை.